நேசம்மாக்காவின் குளிர்

மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். செங்கலடிச் சந்தியில் தார் இளகி, நடப்பவர்களின் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கிற வெயில். என் கராஜ் வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. நாலு கண்ணாடியும் மேலே ஏற்றி மூடியிருந்தன. பின் சீற்றில் ஒரு அம்மா, கட்டில் விரிப்பால் தலையிலிருந்து கால்வரை போர்த்துக்கொண்டு இருந்தார்.

காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்ததாகப் பிரேதம் என்று நினைத்தேன். என் மனம் அப்படி. ஒரு படி ஏறினால் அடுத்த படியில் சாவு வந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு அந்த விரிப்பு நடுங்கியது.

காரை ஓட்டி வந்தவர் இறங்கினார். சாமித்தம்பி அண்ணன். வாகரையில் சின்னதாகச் சில்லறைக் கடை வைத்திருப்பவர். அறுபது தாண்டிய மனிதர். ஆறு நாளைக்கு முன்னர்தான் இதே காரை என்னிடம் திருத்திக்கொண்டு போனார். காருக்குள் சூட்டுக் காற்று வருகிறது, நிற்கவில்லை என்று கொண்டுவந்திருந்தார்.

"என்ன அண்ணன், திருப்பியும் சூடு வருதா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல தம்பி. சூடு வரல்ல. அதுதான் பிரச்சின."

பின் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. உள்ளேயிருந்து பல் அடிக்கிற சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"இவர்தானா காரத் திருத்தின அந்தப் பாஸ்?"

"ஓம்" என்றார் சாமித்தம்பி அண்ணன்.

"நல்ல வேல தம்பி. மீன் லொறி ஒண்டுக்கு இப்பிடிச் செஞ்சு குடுத்தா ஐஸ் மிச்சம்."

அவர் மனைவி நேசம்மாக்கா. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் விடிய வெளிக்கிட்டு, மட்டக்களப்பு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவர். அன்று செவ்வாய்க்கிழமை. அங்கேயிருந்து வருகிற வழியில்தான் என் வாசலில் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழம நான் வாறல்ல" என்றார் அவர், கண்ணாடி இடுக்கால். "இவருக்கும் சொல்லிற்றன். உங்களுக்கும் சொல்லுறன். இனி ஏலாது."

வாறதில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த இடத்தில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

சூடு வெட்டுகிற ஊர்

ஆறு நாளைக்கு முன்னர் நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு, யப்பானில் ஓடி முடித்த கார்கள் இந்தப் பக்கம் நிறைய வந்தன. பனி கொட்டுகிற ஊரில் ஓடிய வாகனங்கள். அதனால் டாஷ்போட்டுக்குப் பின்னால் ஏசியோடு ஒட்டி இன்னொரு சாமானும் இருக்கும். ஹீற்றர். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கொதிதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே வந்து, பள்ளிக்கூடப் புத்தகம் அளவான ஒரு குட்டி ரேடியேற்றருக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும். அதற்கு முன்னால் ஜன்னல் கதவு மாதிரி ஒரு தட்டு. முன்பக்கத்துக் குமிழைத் திருப்பினால் ஒரு கம்பி அந்தத் தட்டை இழுக்கும். நீலப் பக்கம் திருப்பினால் கதவு மூடும், காற்று குளிராக வரும். சிவப்புப் பக்கம் திருப்பினால் திறக்கும், சூடாக வரும். சங்கதி அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் யாருக்கு வேண்டும் அந்தச் சிவப்பு? பங்குனி, சித்திரையில் வாவிக்குள் நிற்கிற எருமையே போதுமடா என்று பார்க்கிற ஊர் இது.

அந்தக் கதவு உடைந்தால் டாஷ்போட்டைக் கழற்றித் திருத்தவேண்டும். ஒரு நாள், ஒன்றரை நாள் வேலை. நாங்கள் அதைச் செய்வதில்லை. பொனற்றைத் திறந்து, உள்ளே போகிற இரண்டு குழாயையும் கழற்றி, வளைந்த துண்டு ஒன்றால் எஞ்சின் பக்கத்து வாய் இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுவோம். கொதிதண்ணீர் காருக்குள் போகாமல் வெளியிலேயே திரும்பிவிடும். பத்து நிமிட வேலை. "சூடு வெட்டுறது" என்று அதற்குப் பெயர். வாகனக்காரனிடம் கேட்பதும் இல்லை. வெட்டின முடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று சலூன்காரர் கேட்கிறாரா?

சாமித்தம்பி அண்ணன் அந்தப் புதன்கிழமை வந்து, "நீலத்துக்குத் திருப்பினாலும் அடுப்பு மாதிரி வருது தம்பி" என்றார். சரி அண்ணன், எதிர்க் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாங்கள் என்றேன். அவர் குடித்து முடிக்கும் முன்னரே நான் வெட்டி முடித்துவிட்டேன்.

"இனி எந்தப் பக்கம் திருப்பினாலும் உங்களுக்குச் சூடு வராது" என்று பெருமையாகவே சொன்னேன். அவரும் தலையாட்டினார். குமிழ் சரியாகிவிட்டது என்று அவர் விளங்கிக்கொண்டார். மனிதர் மகிழ்ந்து போகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இந்தக் காரில் யார் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அடுப்பு நூர்ந்ததா, நெருப்பு அணைந்ததா, கதவு பூட்டியதா என்று ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிற நான், அதைக் கேட்கவில்லை.

ஒளித்துக் குடித்த தண்ணீர்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வருகிறேன்.

சாமித்தம்பி அண்ணன் "தண்ணி இருக்கா தம்பி" என்று மெதுவாகக் கேட்டார். வாசலில் இருந்த போத்தலை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கராஜைச் சுற்றிப் பின்பக்கம் போனார். எனக்கு உடனே பயம். மனிதருக்கு மயக்கமோ, நெஞ்சு நோவோ என்று பின்னாலேயே போனேன். குழாயடியில் குனிந்து, கையை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து வாயை, தாடையை, மூக்கு நுனியைச் சேட்டால் நன்றாகத் துடைத்தார். ஈரம் தெரியக்கூடாது என்று துடைப்பது போல.

"ஏன் அண்ணன் இஞ்ச வந்து?"

"அவக்கு முன்னால நான் குடிக்கிறல்ல தம்பி."

பிறகு நின்ற நிலையிலேயே சொன்னார். நேசம்மாக்காவுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். தேத்தண்ணி, சோற்றுக்கு ஊற்றுகிற ஆணம் எல்லாம் அந்த அளவுக்குள் வரவேண்டும். கூடினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். "கடையில சோடா விக்கிறன். அவ முன்பக்கம் வந்தா பெட்டிக்கு மேல துணியப் போட்டு மூடிருவன்."

கட்டாரில் இருக்கிற மகன் இந்தக் காரை எடுத்துக் கொடுத்ததே பஸ்ஸில் போய்வர அம்மாவால் முடியாது என்றுதான். குமிழ் சரியாக இருந்த காலத்தில் போகும்போது நீலம், வரும்போது சிவப்பு. அவருக்கு மெசின் முடிந்தால் குளிரும். நல்லாகக் குளிரும். எல்லோருக்கும் அப்படி இல்லையாம், சிலருக்கு அப்படித்தானாம். குமிழ் உடைந்து சிவப்பில் நின்றபோது, போகிற வழியில் வெக்கையில் நா வறண்டு, அன்றைய அளவுத் தண்ணீர் முழுவதையும் பாதி வழியிலுள்ள ஓட்டமாவடி தாண்ட முன்னர் குடித்துவிட்டாராம். அதற்குத்தான் என்னிடம் கொண்டுவந்தது. நான் போகிற வழியைத் திருத்தி, வருகிற வழியைக் கெடுத்திருக்கிறேன். போன வெள்ளியும் அன்றும் அவர் நடுங்கியதற்கு அதுதான் காரணம்.

ஏசியை நிற்பாட்டி, கண்ணாடியை மூடிக்கொண்டு வெயிலுக்குள் வந்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் வாசலுக்கு வந்து அதைத்தான் கேட்டேன்.

கண்ணாடி இடுக்கால் பதில் வந்தது. "வெயில் தோலத்தான் சுடுது தம்பி. உள்ளுக்குப் போகல்ல. உடம்பில இருக்கிற ரத்தமெல்லாம் வெளிய குழாயில போய்ச் சுத்தி வருது. ஆறித்தானே வரும்? காலடியில அந்தச் சூடு வந்தா மட்டும்தான் எனக்கு நடுக்கம் நிக்கும்."

எனக்குக் குழாய் தெரியும். வெளியே குழாயில் சுற்றிவிட்டு வருவது எதுவும் ஆறித்தான் திரும்பும். இருபது வருடமாக அதில்தான் என் சோறு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு டொக்டர்மாரின் சங்கதி ஒன்றும் விளங்காது. ஆனால் அந்த அம்மா சொன்னது முழுவதும் விளங்கிற்று.

விளங்கியதும் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, சுடுதண்ணிப் போத்தல் ஒண்டக் கையில வெச்சுக்கொண்டு..."

"தண்ணிப் போத்தலக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, குடிக்காம வாகரமட்டும் போறதா? உங்களுக்கு மனிசி இருக்காவா தம்பி?"

"ஓம் அக்கா."

"பாவம்."

சாமித்தம்பி அண்ணன் சிரிக்கவில்லை. காரின் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, அந்தச் சூட்டத் திருப்பி வைக்க ஏலுமா?" என்றார். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.

"நாளைக்குக் காரக் கொண்டு வந்து விடுங்க. வியாழன் பின்னேரம் தாறன்" என்றேன்.

"காரத் திருத்திறதெண்டாத் திருத்துங்க" என்றார் நேசம்மாக்கா. "நான் வாறல்ல." கண்ணாடி மேலே ஏறிற்று.

மட்டைப் படம்

புதன்கிழமை காலையில் சாமித்தம்பி அண்ணன் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனார்.

நான் வேலை செய்கிற முறை கொஞ்சம் வேறு. எனக்கு எதையும் மறந்துவிடுவேனோ என்று பயம். பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து, நாங்கள் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது என் வகுப்பில் இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருக்க வெட்கப்பட்டு நின்றவன் நான். அதனால் இங்கிலீசுப் புத்தகம் பார்த்துத் திருத்தத் தெரியாது. பதிலாக, கழற்ற முன்னர் ஒரு காட்போட் மட்டையில் டாஷ்போட்டைப் படமாகக் கீறுவேன். எந்த இடத்தில் எந்த ஸ்குறூ வந்ததோ, படத்தில் அதே இடத்தில் அதைக் குத்தி வைப்பேன். கிரீஸ் கையோடு கீறுகிற படம், பார்க்க அழகாக இராது. ஆனால் இதுவரை ஒரு காரும் பாதியில் நிற்கவில்லை.

கையுறைப் பெட்டியைக் கழற்றினேன். நடுப் பலகையைக் கழற்றினேன். முன் சீற்றை எடுத்துவிட்டு, நிலத்தில் முதுகு, காலிரண்டும் வெளியே, தலை டாஷ்போட்டுக்குக் கீழே. ஐம்பது வயதுக்குப் பிறகு இந்தக் கிடை கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கழுத்து மெல்ல மெல்ல வேறு ஆளின் கழுத்தாகும். வாயில் கடித்த டோச் லைற். கண்ணுக்குள் வாகரை மணல். ஃபேனுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கடையில் இழுத்த பிஸ்கட் கடதாசிகள், கொஞ்சம் கச்சான் கடலைக் கோது.

கடைசியில் கண்டுபிடித்தது என்னவென்றால், கம்பியையும் கதவையும் பிணைக்கிற ஒரு பிளாஸ்ரிக் கை. என் சின்ன விரலின் பாதி இருக்கும். அது ஒடிந்திருந்தது. ஒரு மனுசி இனி ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன் என்று சொல்ல இவ்வளவு சின்ன சாமான் போதுமாக இருந்திருக்கிறது.

அது பெரிய காரியமில்லை. வேறு ஒன்று தேடிப் போடலாம். எழுந்து முதுகை நிமிர்த்தி, பொனற்றைத் திறந்து, போன கிழமை நான் பூட்டிய வளைந்த துண்டைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற குட்டி ரேடியேற்றர் ஒழுகுமோ என்று மனம் அரித்தது. கொதிதண்ணீர் அந்த அம்மாவின் காலில் ஊற்றினால்? அதையும் வெளியே எடுத்து, ஒரு வாயை அடைத்து, மற்ற வாயில் சைக்கிள் பம்பைப் பூட்டி, தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கிக் காற்றடித்தேன்.

குழாய் மாட்டுகிற கழுத்தடியில் குமிழி வந்தது. ஒன்று, பிறகு ஒரு கோர்வை.

பழசானதால் வந்த ஓட்டை இல்லை அது. போன கிழமை அவசரத்தில் குழாயைக் குறட்டால் முறுக்கி இழுத்தேனே, அந்த முறுக்கில் வெடித்திருக்கிறது. குறட்டுப் பல்லின் அடையாளம்கூட அதில் இருந்தது. என் குறடு. எனக்குத் தெரியாதா?

பேசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தேன். மனைவி சரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, ஆராவது மவுத்தாப் போயிற்றாங்களா?" சாவை மவுத்து என்கிற ஏறாவூர் முஸ்லிம் சிநேகிதர்களின் பேச்சு அவருக்கும் தொற்றியிருந்தது.

"இன்னும் இல்ல."

விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அடுப்ப நூத்தியா, நூத்தியா எண்டு எனக்கிட்ட ஒரு நாளைக்கு மூண்டு தரம் கேப்பீங்க. உங்கட கையால ஒரு அடுப்ப நூத்தது மட்டும் உங்களுக்கு நினைவில்ல" என்றார். சொல்லிவிட்டு, தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

ஏறாவூர்க் குவியல்

லாபிர் காக்கா ஏறாவூரில் பழைய யப்பான் சாமான் வைத்திருப்பவர். காக்கா என்றால் அங்கே அண்ணன். கடை என்று சொல்ல ஏலாது. ஒரு பெரிய வளவு, அதற்குள் அறுத்த கார்கள். நான் வெட்டியும் கழற்றியும் எடுக்கிற பழசுகளும் அங்கேதான் போகும்.

"ஹீற்றரா?" சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மட்டக்களப்பில? என்ன மனே, குளிருற நுவரெலியாவில ரெண்டாந்தாரம் பேசியிருக்கா?"

"பகிடி விடாதீங்க காக்கா. அவசரம்."

"இத்தின வருசமா நீ கழட்டித் தந்த ஹீற்றரெல்லாத்தையும் நான் பழைய இரும்புக்குப் போட்டுட்டன். ஒருத்தன் வந்து ஹீற்றர் கேட்டதில்ல. இண்டைக்கு நீயே வந்து கேக்கிறாய். உன்னைய எங்க கொண்டு போய்ப் போடுற?"

சொன்னேன். வாகரை, மெசின், விரிப்பு, வெள்ளிக்கிழமை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ட ராத்தாவும் அந்த மெசினுக்குத்தான் போனவ" என்றார். ராத்தா என்றால் அவருடைய மூத்த சகோதரி. "வந்து இறங்கக்குள்ள மாரி மழையில நனஞ்ச ஆளப் போல போத்திக்கொண்டு வருவா. வெளிய இந்த வெயில். நாங்க எல்லாரும் நினச்சம், சும்மா நடிக்கிறா எண்டு. நான் ஒருநாள் ஏசியும் போட்டன்."

வேலைக்கு நின்ற ஆட்களைக் கூப்பிடாமல் தானே குவியலில் ஏறினார். எழுபது வயது மனிதர். விழுந்து கையை முறிப்பாரோ என்று நான் கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தேன். முன்பாதி மட்டும் அறுத்து அனுப்பின கார்கள் சில சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம், "இந்தா" என்று ஒரு கறுத்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

கையில் வாங்கித் திறந்தேன். ஹீற்றர் முழுசாக இருந்தது. அந்தப் பிளாஸ்ரிக் கையும் உடையாமல் இருந்தது. மூலையில் ஊசி ஊசியாகச் சில காய்ந்த இலைகள். எங்கள் பக்கம் நான் காணாத மரம். அந்தக் கார் எந்தக் குளிரில் நின்றதோ.

"காற்றடிச்சுப் பாத்துட்டுக் கொண்டு போ" என்றார் காக்கா. "உன்ன நம்ப ஏலாது."

வியாழன்

வேறு மொடல் காரின் சாமான். ஒரு விரல் அளவு சின்னது. சுற்றிவர இடைவெளியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடைத்தேன். புதுக் குழாய் இரண்டு, புதுக் கிளிப் நாலு. திரும்பவும் முதுகு நிலத்தில். திரும்பவும் வேறு ஆளின் கழுத்து. கதவுத் தட்டில் ஒட்டியிருந்த பஞ்சு தொட்டால் மாவாகக் கொட்டியது. அதையும் சுரண்டிவிட்டுப் புதுசு ஒட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு, குமிழைச் சிவப்புக்கும் நீலத்துக்கும் எத்தனை தரம் திருப்பியிருப்பேன் என்று தெரியாது. சூடு வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

எல்லாம் பூட்டிய பிறகு, மட்டைக்கு வெளியே தரையில் ஒரு ஸ்குறூ மிஞ்சியது. எந்த இடத்து ஸ்குறூ என்று இன்றுவரை தெரியாது.

பின்னேரம் சாமித்தம்பி அண்ணன் வந்தார்.

"நாளைக்கு வருவாவா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா ஒண்டும் கதைக்கிறா இல்ல தம்பி. கேட்டா மற்றப் பக்கம் கிறுகிப் படுக்கிறா."

"அண்ணன், வந்தாவெண்டா இந்தச் சந்தியில என்னையும் ஏத்துங்க. பூட்டு ஒண்டு கழண்டா நான் பக்கத்தில நிக்கவேணும்."

அவர் சரி என்றார். வந்தாவெண்டா என்ற சொல்லை நான் ஏன் சொன்னேன் என்று பிறகு மனம் அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை

விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. சந்தியில் பதுளை வீதிப் பக்கமிருந்து மரக்கறி லொறி வந்து இறக்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றின பஸ் போனது. வாழைச்சேனைப் பக்கத்துப் பஸ் ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. வெள்ளைக் கார்களும் வந்தன. நான் பார்த்து நின்ற கார் வரவில்லை.

கையில் போன் இருந்தது. எடுத்துக் கேட்கலாம். வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எடுக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி வந்தது. முன் சீற் எனக்காகக் காலியாக இருந்தது. பின் சீற்றில் நேசம்மாக்கா, மடியில் மடித்த விரிப்போடு. விரிப்பில்லாமல் அன்றுதான் அவரைப் பார்க்கிறேன். மெலிந்த முகம், பெரிய கண்.

"பாக்கத்தான் வந்தன்" என்றார் நான் ஏற முன்னரே. "வரக்குள்ள நடுங்கினா இதுதான் கடைசி. மறுகா ரெண்டு பேரும் வா வா எண்டு என்னக் கரச்சப்படுத்தக் கூடாது. சத்தியம்."

"சத்தியம்" என்றார் சாமித்தம்பி அண்ணன். என்னையும் பார்த்தார். நானும் சொன்னேன்.

போகிற வழியில் நீலம் ஒழுங்காக வேலை செய்தது. அதில் எனக்குப் பயம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் நானும் சாமித்தம்பி அண்ணனும் மணிக்கணக்காக இருந்தோம். நான் இரண்டு தரம் பொனற்றைத் திறந்து கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் எழும்பியபோது அவர் என் சேட்டைப் பிடித்து இருத்தினார்.

மத்தியானம் நேசம்மாக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தோம். விரிப்பு கழுத்துவரை வந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது. கதவைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றி, குமிழைச் சிவப்புக்குத் திருப்பினேன்.

ஒன்றும் வரவில்லை. வந்தது சும்மா காற்று.

எஞ்சின் ஆறிக் கிடந்திருக்கிறது, தண்ணீர் கொதிக்க வேண்டும், ஐந்து நிமிடமாவது வேண்டும். எனக்குத் தெரியும். பின்னால் பல் அடிக்கத் தொடங்கியது. டக டக டக என்று, தையல் மெசின் மாதிரி. சாமித்தம்பி அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம்" என்றேன் ஒருவிதமாக.

"ரெண்டு போயிற்று" என்றது பின்னாலிருந்து.

ஊறணி தாண்டும்போது என் கால்விரலில் முதல் சூடு பட்டது. பிள்ளையாரடியில் அது காற்றாகவே வந்தது. சத்துருக்கொண்டானில் முழு வேகத்தில் அடித்தது. வெளியே தகிக்கிற வெயில், வாவிப் பக்கம் பார்க்க முடியாமல் கண் கூசுகிறது, உள்ளே நாங்கள் சிவப்பில் ஹீற்றர் போட்டுக்கொண்டு போகிறோம். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பின்னால் இருந்த ஆளுக்கும் காட்டினான். சாமித்தம்பி அண்ணனின் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. என் புருவத்தால் வடிந்து கண்ணுக்குள் எரிந்தது. துடைக்க வெட்கமாக இருந்தது.

தன்னாமுனையில் என் காலடி ரப்பர் விரிப்பில் ஈரம் தெரிந்தது.

ஒழுகுகிறது. கழுத்தடி ஒழுகுகிறது. குனிந்து விரலால் தொட்டு, ஒருவருக்கும் தெரியாமல் நாக்கில் வைத்தேன். ரேடியேற்றர் தண்ணீர் என்றால் இனிக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கெட்ட பழக்கம்.

உப்பு.

இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன். உப்புத்தான். என் தாடையிலிருந்து சொட்டியது.

அப்போதுதான் பின்னால் சத்தம் இல்லை என்று கவனித்தேன். தையல் மெசின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் பயம். சாமித்தம்பி அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். அவர் கை ஸ்டியரிங்கில் கொஞ்சம் இளகியது.

ஏறாவூர்ச் சந்தையைத் தாண்டுகிறபோது பின்னாலிருந்து குரல் வந்தது. நித்திரையிலிருந்து எழும்பின குரல்.

"கொஞ்சம் குறைச்சு விடுங்க."

குமிழை நடுவுக்குத் திருப்பினேன். டாஷ்போட்டுக்குப் பின்னால் கதவு மெல்ல நகர்கிற சத்தம், கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்டது. காற்று இளஞ்சூடாக ஆறியது.

"இன்னும் கொஞ்சம்."

திருப்பினேன்.

"ம். காணும்."

விரிப்பு மடியில் விழுந்திருந்தது. அவர் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கராஜுக்கு முன்னால் கார் நின்றபோது, அவர் புருசனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் இல்லாதது போலச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமைக்கு இவர ஏத்தாதீங்க. வேர்வ நாத்தம் தாங்க ஏலாமக் கிடக்கு."

சாமித்தம்பி அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டு, உடனே எடுத்தார். "சரி" என்றார். "ஏத்தல்ல."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். மத்தியானம் பன்னிரண்டரை, செங்கலடிச் சந்தி, தார் இளகுகிற வெயில். வேர்த்த உடம்பில் அது பட்டதும் குளிர்ந்தது.